மன்னன் காணாத ஏரி

வேலூரைச் சேர்ந்த நண்பர் ஐவர், விடுமுறையில் ஒருமுறையேனும் வெளிநாடு சென்றுவர விரும்பினர். ஒருவர் சிங்கப்பூர் செல்லலாம் என்றார். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் பணிபுரியும் மற்றொருவர், ஆம்பூர்க் காலணிகள் கப்பலேறிச் செல்லும் இத்தாலிக்கே நாமும் செல்வோம் என்றார். பள்ளியாசிரியராகிய மூன்றாமவர் மட்டும் இலங்கையிலுள்ள கண்டியைக் கூறினார். “கண்டியில் நமக்கு என்ன வேலை?” என்று ஏனையோர் நகைத்தனர்.

அவர் விடை கூறாது, அவர்களைப் பாலாற்றங்கரையிலுள்ள முத்து மண்டபத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கேதான் கண்டியின் இறுதி மன்னன் விக்கிரமராசசிங்கனின் கல்லறை உள்ளது. 1815-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அவனைச் சிறைப்பிடித்தனர்; மறு ஆண்டு கடல் கடத்திக் கொணர்ந்து வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தனர். 1832-இல் அவன் இங்கேயே உயிர் நீத்தான். கண்டி நகரின் நடுவே அவன் அமைத்த ஏரி இன்றும் எழிலுடன் விளங்குகிறது. அதனை அவன் மீண்டும் காணவே இல்லை.

நண்பர்கள் நெடுநேரம் வாய்திறவாது நின்றனர். திரும்பும் வழியில், “கண்டிக்கே செல்வோம்” என்று முதலில் உரைத்தவர் இத்தாலியை விரும்பியவரே. தம்மூர் மண்ணில் முடிந்த கதையின் தொடக்கத்தைத் தேடி அவர்கள் கடல் கடந்தனர். மன்னனுக்கு வாய்க்காத அப்பயணம், எளியோர் ஐவருக்கு வாய்த்தது.