கிரம்லின் மேல்நிலையம்

தென் வேல்ஸின் எபூ ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள கிரம்லின் சிற்றூரே. ஆயினும், ஒரு காலத்தில் அதற்கு இரு புகையிரத நிலையங்கள் இருந்தன: ஆற்றோரம் கீழ்நிலையம், மலைச்சரிவில் மேல்நிலையம்.

மேல்நிலையத்தை ஈன்றது நிலக்கரி. சுற்றுப்புறச் சுரங்கங்களின் கரியை இங்கிலாந்துக்கு ஏற்றிச்செல்லப் புகையிரதம் பள்ளத்தாக்கைக் கடக்கவேண்டியிருந்தது. அதற்காகக் கென்னார்ட் என்னும் பொறியியலாளர் அமைத்த இரும்புப் பாலம் 1857 இல் திறக்கப்பட்டது. உயரம் ஏறத்தாழ 200 அடி. மூன்று தென்னைகளை ஒன்றன்மேலொன்றாக நிறுத்தினாற்போலாம்! பிரித்தானியப் புகையிரதப் பாலங்களுள் அதுவே மிக உயர்ந்தது. தாங்கி நின்றவை கற்றூண்களல்ல, மெல்லிய வார்ப்பிரும்புத் தூண்கள். அவற்றின்மீது ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கரி வண்டிகளோடு பிரயாணிகளும் சென்றனர்.

நட்டத்தில் ஓடும் பாதைகளை மூடுமாறு 1963 இல் பீச்சிங் அறிக்கை கூறிற்று. 1964 ஜூனில் மேல்நிலையமும் மூடப்பட்டது. 1965 இல் தொடங்கிப் பாலத்தையும் கழற்றினார்கள். அதற்குமுன் 'அரபெஸ்க்' திரைப்படத்துக்காக சோபியா லோரனும் கிரெகரி பெக்கும் அதன்மேல் ஓடி நடித்தனர். இத்தகைய அரும்பொருளைப் பழைய இரும்பாக்கியது பொறுக்கத்தக்கதன்று.

அடிவாரத்து நவிகேஷன் சுரங்கமும் 1967 இல் மூடப்பட்டது. எனினும், அதன் செங்கற் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. பாலத்துக்கு எஞ்சியவை, இருபுற மலைகளிலும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் கல்முனைகளே.