எங்கள் ஊர் மண்ணை வாசிக்கச் சொல்லித்தந்த டீச்சருக்கு

அன்புள்ள டீச்சர்,

உங்கள் முகவரி என்னிடம் இருக்கிறது. தபாலில் நாலு வரி எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் எங்களுக்கு நடத்திய பாடம் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சமாச்சாரமாக இருந்துவிடக் கூடாது. இன்று வகுப்பறையில் சாக்பீஸோடு நிற்கிறவர்களுக்கும் அது தெரிய வேண்டும். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

புவியின் அகச்செயல்முறைகள், புறச்செயல்முறைகள் என்று புத்தகத்தில் இரண்டு பாடங்கள். பாறைச் சிதைவு, அரித்தல், கடத்துதல், படிதல் என்று சில சொற்கள், அவற்றுக்கு வரையறைகள், நான்கைந்து படங்கள். பல பள்ளிகளில் இதை இரண்டு பீரியடில் முடித்துவிட்டு மேப் கேள்விக்குப் போய்விடுவார்கள். நீங்கள் வாரக்கணக்கில் நடத்தினீர்கள். ‘போர்ஷன் முடியுமா?’ என்று கேட்டவர்களிடம் முடித்துவிடுவேன் என்று மட்டும் சொன்னீர்கள். முடிக்கவும் செய்தீர்கள்.

அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. வாய்க்காலில் அள்ளிய மண்ணைச் சலிக்காமல் பாதி பாட்டிலுக்குப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, எங்களில் ஒருத்தியிடம் கொடுத்துக் குலுக்கச் சொன்னீர்கள். மேசைமேல் வைத்ததும் கூழாங்கல் உடனே அடிக்குப் போனது. அதன்மேல் பருமணல், அதற்கும் மேல் நைஸ் மணல். களிமண் மட்டும் இறங்கவே இல்லை. தண்ணீர் கலங்கலாகவே நின்றது. ‘ஏன்?’ என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் அட்டெண்டன்ஸ் எடுக்கப் போய்விட்டீர்கள். மறுநாள் காலையில் நாங்கள் மணி அடிப்பதற்கு முன்பே வந்து பார்த்தோம். மேலே தண்ணீர் தெளிந்து, எல்லாவற்றுக்கும் மேல் வெண்ணெய் போலக் களி படிந்திருந்தது.

அன்றைக்குத்தான் கரும்பலகையில் காவிரியை வரைந்தீர்கள். குடகில் சரிவு அதிகம், வேகம் அதிகம், ஆறு கல்லையே உருட்டும். முக்கொம்புக்கு வரும்போது வேகம் தணிந்து மணலைப் போடும். தஞ்சாவூர்ச் சமவெளியில் இன்னும் தளர்ந்து வண்டலைப் படிய விடும். வேகம் குறைந்தால் சுமை இறங்கும், பெரியது முதலில், சிறியது கடைசியில். ஒரு பாட்டிலில் நாங்கள் கண்ட விதியே ஒரு டெல்டா முழுவதற்கும் பொருந்தியது. அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், ‘நடுவில் மேட்டூர் அணை இருக்கே டீச்சர், அங்கேயே வேகம் நின்னுடுமே?’ என்றான். உங்கள் முகத்தில் அன்று வந்த மகிழ்ச்சியை வேறு எந்தத் தேர்வு முடிவு நாளிலும் நான் பார்த்ததில்லை. 1934 முதல் அந்த அணை தண்ணீரோடு வண்டலையும் தேக்கிக்கொண்டிருக்கிறது, டெல்டாவுக்குப் போகும் வண்டல் குறைந்தால் வயலுக்கு உரம் குறையும், கரையைக் கடல் அரிக்கத் தொடங்கும் என்று அந்தக் கேள்வியிலிருந்தே ஒரு பீரியடு நடத்தினீர்கள்.

பிறகு ஐப்பசி மழை. மழை விட்டதும் எங்களைப் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப்போய், சுவரோரம் தண்ணீர் அறுத்த சிறு ஓடைகளைக் குனிந்து பார்க்கச் சொன்னீர்கள். சின்ன ஓடை பெரிய ஓடையில் சேரும் இடம், நடுவில் கிடந்த ஓட்டாஞ்சில்லுக்குக் கீழே மட்டும் மண் கரையாமல் தூண் போல நின்றது, ஓடை முடியும் இடத்தில் மணல் விசிறி போல விரிந்தது, எல்லாவற்றையும் நோட்டில் வரைந்தோம். அளவுகோல் வைத்து ஆழம் எடுத்தோம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதற்கப்புறம்தான் காரை என்ற ஊருக்குக் கூட்டிப்போனீர்கள். பாடாலூர்ப் பக்கம் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் எட்டிவிடும் தூரம். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் பஸ்ஸில் போய்வந்த எங்களுக்கு அது ஒன்றும் விளையாத பொட்டல். அன்றைக்கு மேட்டில் நின்று பார்த்தபோது, மைதானத்தில் வரைந்த அதே ஓடைகள், அதே கிளைகள், ஆளை மறைக்கும் ஆழத்தில் கிடந்தன. களிமண் பிளவுகளில் ஜிப்சம் தகடுகள் வெயிலில் மின்னின. காலடியில் பென்சில் முனை போலச் சீவிய கற்கள். அவை பெலம்னைட், கணவாய்க்கு உறவான ஒரு கடல் உயிரினத்தின் உடலுக்குள் இருந்த கெட்டியான பாகம் என்றீர்கள். கடற்கரையோ அங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. ‘அப்படின்னா இங்கே என்ன இருந்திருக்கும்?’ என்றீர்கள். ‘கடல்’ என்று சொன்னவளுக்குச் சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது.

அரிப்பு என்றால் அழிவு என்றே நாங்கள் எழுதிப் படித்திருந்தோம். அன்று காரையில் மழை அரித்து எடுத்ததால்தான் பழைய கடலின் அடித்தளம் வெளியே வந்து எங்கள் முன்னால் கிடந்தது. இப்படி ஒரு பாடத்தை எந்த ப்ரொஜெக்டரும் காட்ட முடியாது என்று இன்றும் நம்புகிறேன்.

மத்தியானம் சாத்தனூர் கல்மரத்துக்குப் போனோம். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்த மரம், 18 மீட்டர் நீளம். பலகையில் எழுதியிருந்ததைப் படிக்கவிடாமல் எங்களை மரத்தைச் சுற்றி நடக்கவிட்டீர்கள். சுற்றிலும் கடல் சிப்பிகள் உள்ள பாறை, அதன் நடுவே ஒரு மரம். எப்படி வந்தது? ‘காடு அப்படியே கடலில் மூழ்கியிருக்கும்’ என்றான் ஒருவன். தப்பு என்று நீங்கள் சொல்லவில்லை. ‘மூழ்கியிருந்தால் வேரோடு நிற்க வேண்டாமா? இது ஏன் படுத்துக் கிடக்கிறது?’ என்று திருப்பிக் கேட்டீர்கள். ‘யாராவது வெட்டிக் கொண்டுவந்து போட்டிருக்கலாம்’ என்றாள் இன்னொருத்தி. ‘மனுஷனே இல்லாத காலம்மா அது’ என்றீர்கள். கடைசியில் வாய்க்கால் மண்ணையும் காவிரியையும் நாங்களே சேர்த்துப் பார்த்தோம். மேற்கே நிலத்தில் வளர்ந்த மரம், ஆற்றில் அடித்து வந்து, ஆழமில்லாத கடலில் அமிழ்ந்து, வண்டலில் புதைந்திருக்கிறது. கட்டை மட்கும் முன்னே நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா அதனுள் ஊறி, மரத்தின் நுண்ணிய அமைப்பு கலையாமல் கல்லாகிவிட்டது. ஏறக்குறைய 10 கோடி ஆண்டு என்ற கணக்கை நீங்கள் சொன்னது அதற்கப்புறம்தான். முதலிலேயே சொல்லியிருந்தால் வாயைப் பிளந்துவிட்டு நகர்ந்திருப்போம்.

பல வருடம் கழித்து விழுப்புரம் பக்கம் திருவக்கரைக்குப் போயிருந்தேன். அங்கேயும் கல்மரங்கள், வயதில் இளையவை, சுமார் 2 கோடி ஆண்டு. கிளையும் இல்லை, வேரும் இல்லை, வெறும் அடிமரங்கள். கூட வந்தவர்களுக்கு நான் அதைக் காட்டி, ‘இவை இங்கே முளைத்தவை இல்லை, வெள்ளம் உருட்டி வந்தவை’ என்று விளக்கினேன். பேசிய வாய் என்னுடையது, பாடம் உங்களுடையது.

மலை விஷயத்துக்கு வருகிறேன். புத்தகம் அகத்தையும் புறத்தையும் தனித்தனிப் பாடமாக வைத்திருக்கிறது. நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கினீர்கள். சென்னையில் வேலைக்கு வந்தபின் பல்லாவரத்தில் குடியிருந்தேன். அங்குள்ள குன்றுகளின் பாறைக்கு சார்னகைட் என்று பெயர் வைத்தவர் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட். கொல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பவரின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல் போயிருந்ததால் அந்தப் பெயர். வயது சுமார் 250 கோடி ஆண்டு. அது உருவான இடமோ தரைக்குக் கீழே இருபது கிலோமீட்டருக்கும் மேலான ஆழம், அந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும்தான் அப்படிப்பட்ட பாறை பிறக்கும். இன்று ரயிலில் போகிறவர் ஜன்னல் வழியே அதைப் பார்க்கிறார் என்றால், மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் எங்கே போயிற்று? மழையும் காற்றும் ஆறும் கொண்டுபோயின. மேலே சுமை குறையக் குறைய அடியில் இருந்தது எழும்பிவந்தது. ‘தேய்வதும் எழுவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம், பிரித்துப் படிக்காதீங்க’ என்று நீங்கள் சொன்னது அந்தக் குன்றடியில் நின்றபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

இதெல்லாம் எதற்கு உதவும் என்று கேட்கிறவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவில், மைக்காவ் கடற்கரையில், டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தாள். இரண்டு வாரம் முன்பு அவளுடைய புவியியல் ஆசிரியர் ஆண்ட்ரூ கியர்னி வகுப்பில் சுனாமியைப் பற்றி நடத்தியிருந்தார். அவள் பெற்றோரிடம் அடம்பிடித்துச் சொல்ல, கரையிலிருந்த சுமார் நூறு பேர் அலை வருமுன் வெளியேறினார்கள். அதே காலையில் நம் நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானோரை இழந்தோம். நம் கடலோரப் பிள்ளைகளுக்கும் அந்தப் பாடம் அப்படி நடத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் ஆறவில்லை. 2024-ல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் மண் சரிந்தபோதும் அதே ஆதங்கம். ஊறிய மண் கனக்கும், சரிவில் அதன் பிடி தளரும் என்று நீங்கள் ஈர மணல் குவியலைச் சாய்த்துக் காட்டினீர்கள். இன்று கட்டுமானத் துறையில் இருக்கிறேன். சரிவில் கட்டிடம் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் மண்ணைப் பற்றியும் மழைநீர் போகும் வழியைப் பற்றியும்தான் பேசுகிறேன்.

இன்னொரு நன்றியும் பாக்கி இருக்கிறது. காரையில் ஆளுக்கொரு பெலம்னைட்டைப் பைக்குள் போட்டுக்கொண்ட எங்களை, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் அது சொல்லும் சாட்சி, வீட்டு அலமாரியில் அது வெறும் கல் என்றீர்கள். இன்று காரையிலும் அரியலூர்ப் பக்கத்திலும் அப்படிப் பொறுக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறைய. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் விரிந்துகொண்டே போகின்றன. சிமெண்டு வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது, அதைக் கொண்டுதான் பிழைக்கிறேன். ஆனால் சிமெண்டுக்கு வெட்டும் அந்தச் சுண்ணாம்புக்கல்லே பழைய கடலின் படிவு. வெட்டுவதற்கு முன் அதை நம் பிள்ளைகள் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

அதனால் தலைமை ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் ஒரு வேண்டுகோளை இந்த மடலில் வைக்கிறேன். அடுத்த கல்விச் சுற்றுலாவைத் தீம் பார்க்கில் முடித்துவிடாதீர்கள். திருச்சி, பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகளுக்குக் காலையில் காரை, மதியம் சாத்தனூர், சாயங்காலம் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம் என்றால் ஒரே நாளில் வீடு திரும்பலாம். மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் ஊர் ஆற்றங்கரைக்கோ குன்றுக்கோ போங்கள். போவதற்கு முந்தின நாள் வகுப்பில் ஒரு கண்ணாடி பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் பழைய மாணவி