மணியும் வழியும்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பெற்றோலுக்காக நின்ற வாகன வரிசைகள் வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நீண்டு கிடந்தபோது, நாமும் பழைய துவிச்சக்கர வண்டியைத் துடைத்தெடுத்துக் கொட்டாஞ்சேனைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினோம். கார் வைத்திருந்தோருக்கு அது புதுமை. புறக்கோட்டைத் தொழிலாளிக்கோ அதுவே என்றுமுள்ள வாழ்க்கை. வியர்வை வழிந்த பின்னரே இதனை உணர்ந்தோம் என்பது வெட்கத்துக்குரியது.

முதல் வாரத்திலேயே, தரிப்பில் நின்ற பஸ்ஸின் இடப்புறமாக நுழைந்து, இறங்கிய மூதாட்டி ஒருவரை இடித்துவிடப் பார்த்தோம். "தம்பி, மணியடிச்சா நான் பறந்து போறதோ?" என்றார் அவர். அன்றுமுதல் தரிப்புகளில் பின்னே நிற்கவும், திரும்புமுன் கை காட்டவும் பழகினோம். ஐந்துலாம்புச் சந்தியில் கைவண்டி இழுத்துவரும் நாட்டாமைக்கு வழிவிடவும் பழகினோம். பாரத்தோடு நின்றுவிட்ட சில்லை மீண்டும் உருட்டுவது எத்துணைக் கடினமென்பது மிதிப்பவனுக்கன்றி வேறு யாருக்குத் தெரியும்?

புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியே யாழ்ப்பாணம் போகவும் நண்பர்களுடன் திட்டமிட்டோம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர், நாளுக்கு 100, விடியுமுன் புறப்பாடு, உச்சிவெயிலில் ஓய்வு, கையில் உதிரி ரியூப்பும் பம்பும். அதற்குள் எரிபொருட் பங்கீடு வந்தது, வரிசைகள் குறைந்தன, நண்பர்கள் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினர்.

கொட்டாஞ்சேனையிலிருந்து இரவில் விளக்கின்றி வீடு திரும்பும் தொழிலாளியை இன்றும் பஸ்கள் வடிகாலோரத்துக்கே தள்ளுகின்றன.