அலைகடலும் அலைவரிசையும்

கடல்மீது மிதக்கிறது ஒரு மாடமாளிகை! அடுக்குக்கு மேல் அடுக்கு. ஆடலரங்கம் ஒரு புறம், நீச்சற்குளம் மறு புறம். நள்ளிரவிலும் அணையாத விளக்குகள், நாழிகைக்கு ஒருமுறை நிரம்பும் உணவு மேசைகள். சிங்கப்பூரில் புறப்பட்டு, பினாங்கும் புக்கெட்டும் கண்டு திரும்பும் அந்த உல்லாசக் கப்பலில் நானும் ஒரு பயணியாக ஏறினேன். ஏறிய இரண்டு மணி நேரத்திற்குள் ஏழையானேன். ஆம், ஏழையானேன்! பணப்பை மெலியவில்லை; கைப்பேசி ஊமையாகிவிட்டது.

கரை கண்ணுக்கு மறைந்ததும், கைப்பேசியில் அலைவரிசை காட்டும் கோடுகள் ஒவ்வொன்றாக அவிந்தன. கப்பலிலேயே ஓர் அலைபேசிக் கோபுரம் உண்டு. ஆனால் அது செயற்கைக்கோள் வழியாக உலகோடு பேசுவது. அறியாமல் அதனோடு இணைந்துவிட்டால், ஊர் திரும்பியதும் கட்டணச்சீட்டு நம்மைக் கட்டிவைத்து அடிக்கும். எனவே விவரம் அறிந்தோர் கைப்பேசியை விமான நிலையில் வைத்துவிடுகிறார்கள். "இணையம் வேண்டுவோர் கப்பலின் வைஃபையை விலைக்கு வாங்கலாம்" என்று அறையில் ஓர் அறிவிப்பு அழகாகச் சிரித்தது. விலை? நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபது அமெரிக்க டாலர்!

கொதித்தேன். கொள்ளை என்றேன். உணவு மேசையில் உடனிருந்தோரும் ஒத்துப் பாடினர். "காசைக் கொடுக்காதீர்கள், நாளை பினாங்கு வருகிறது. கரையில் கால் வைத்ததும் காப்பிக்கடை எதிலும் இலவச வைஃபை கிடைக்கும். இல்லாவிட்டால் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் அட்டை வாங்கிக்கொள்ளலாம்" என்று பயணம் பழகிய ஒருவர் பாடம் நடத்தினார். கப்பல் பயணிகளிடையே இது ஒரு தனிக்கலை. எந்தத் துறைமுகத்தில், எந்தத் தெருவில், எந்தக் கடையில் அலைவரிசை கிடைக்கும் என்று துருவித் துருவித் தேடுவார்கள். நானும் அந்தக் கலையில் மாணவனானேன். தேவை என்ன எனக்கு? செய்தி படிக்க வேண்டும். சூரியன் மறையும் படத்தைச் சுற்றத்தாருக்கு அனுப்ப வேண்டும். "மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்று மற்றவர் அறிய மகிழ்ந்திருக்க வேண்டும். அவ்வளவே!

காலையில் பினாங்கு வந்தது. சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் அணைந்தது. வெளியே வந்தால் எதிரே நிற்கிறது விக்டோரியா அரசியின் மணிக்கூண்டு. அரசியாரின் அறுபதாண்டு ஆட்சியைக் கொண்டாட, ஆண்டுக்கு ஓர் அடி வீதம், 60 அடி உயரம்! ஆண்ட ஆண்டுகளுக்கு அடிக்கணக்கு வைத்தார்கள். அந்த ஆட்சியில் தோட்டங்களிலே மாண்ட தமிழர்களுக்கு எந்தக் கணக்கு வைத்தார்கள்?

கப்பல் முனையத்தின் வாயிற்படிகளில் ஒரு காட்சி. முப்பது, நாற்பது பேர் சுவரோரமாகக் குந்தியிருந்தனர். பிலிப்பைன்சு நாட்டவர், இந்தோனேசியர், நம்மவர். எல்லோரும் கப்பலின் பணியாளர்கள். முதல் நாள் இரவு நமக்குச் சோறு படைத்த கைகளில் இப்போது கைப்பேசி. ஒருவன் திரையிலே தெரிந்த குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறான். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். முனையத்தின் வைஃபை எட்டுகிற எல்லை அந்தப் படிக்கட்டு! பார்த்தேன், கடந்தேன். பாதையோரத்துப் பூச்செடியைக் கடப்பதுபோல் கடந்தேன். இப்போது எழுதும்போது கூசுகிறது.

வங்கிகள் நிறைந்த கடற்கரைத் தெருவைத் தாண்டி, பாசார் தெரு வழியாகச் சிறிய இந்தியா என்று வழங்கும் பகுதிக்குள் நுழைந்தேன். தமிழ்ப் பெயர்ப்பலகைகள், தமிழ்ப் பாட்டு, தமிழ்ப் பேச்சு. ஒரு கடையில் உள்ளூர் சிம் அட்டை வாங்கிப் பொருத்திக்கொண்டேன். பக்கத்திலேயே நாசி கண்டார் உணவுக்கடை. சோற்றையும் குழம்பையும் கழியின் இரு முனைகளிலும் கட்டித் தோளிலே சுமந்து வந்து, துறைமுகத் தொழிலாளருக்கு விற்ற தமிழ் முஸ்லிம்கள் படைத்த உணவு அது. தொழிலாளியின் பசிக்குப் பிறந்த அந்தக் கடையில், கப்பலிலிருந்து இறங்கிய பயணிகள் கூட்டம்! சுவரில் விலைப்பட்டியல், அதன் கீழே வைஃபையின் கடவுச்சொல். ஒரு குவளைத் தேநீர் வாங்கியவர் ஒரு மணி நேரம் அமர்ந்து, நூறு படங்களை ஊருக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

மூலையில் ஓர் இளைஞன். இருபத்தைந்து வயதிருக்கும். தேநீரைத் தொடவில்லை. கைப்பேசியை நெற்றிக்கு நேரே தூக்குகிறான், இறக்குகிறான், மீண்டும் தூக்குகிறான். திரையிலே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"தம்பி தமிழா?" என்றேன்.

"ஆமாங்க ஐயா. நாகப்பட்டினம் பக்கம். நீங்க வந்த கப்பல்லதான் சமையற்கட்டுல வேலை."

சொன்னான் கதையை. தங்கை செவிலியர் கல்லூரியில் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்திற்கு அன்றே கடைசி நாள். சம்பளம் முதல் நாள்தான் வங்கிக் கணக்கில் ஏறியது. இரவு வேலை முடிந்ததும், பணியாளருக்கென்று விற்கும் இணையப் பொழுதை வாங்கிப் பார்த்திருக்கிறான். வங்கியின் பக்கம் பாதி திறக்கும். பிறகு "நேரம் முடிந்தது" என்று மூடும். வாங்கிய பொழுதும் தீர்ந்தது, விடியலும் வந்தது. கரையில் அவனுக்கு இரண்டு மணி நேரம். பகல் உணவு வேலைக்குப் பதினொன்றரைக்குள் திரும்பியாக வேண்டும். அவன் பணத்தைச் செலுத்த முயல்கிற அதே வைஃபையைத்தான் நாங்கள் படங்களால் அடைத்துக்கொண்டிருந்தோம்!

என் கைப்பேசியின் இணையத்தை அவனுக்குப் பகிர்ந்தேன். வங்கிப் பக்கம் திறந்தது. ஆனால் அடுத்த கதவு ஒன்று இருந்தது. பணம் செலுத்தும்போது வங்கி அனுப்பும் ஆறு இலக்கக் குறிச்சொல் அவனுடைய இந்திய எண்ணுக்குப் போகும். அந்தச் சிம் அட்டை ஊரிலே, தாயின் கைப்பேசியிலே இருக்கிறது. தங்கையோ விடுதியில். வீட்டில் தாய் தனியே. அவருக்குப் படிப்பு வாசனை இல்லை.

அங்கே அப்போது காலை எட்டரை மணி. வயல் வேலைக்குப் போகாமல் காத்திருந்தார் அந்தத் தாய். திரையிலே அவர் முகம் தெரிந்தது.

"அம்மா, போன்ல மேல ஒரு சேதி வரும். அதுல ஆறு நம்பர் இருக்கும். மறையறதுக்குள்ள படிச்சுச் சொல்லும்மா."

"எனக்கு எங்கப்பா படிக்கத் தெரியும்?"

"பஸ் நம்பர் பாத்துதானே ஏறுற? அதே நம்பருதாம்மா."

முதல் முறை, அவர் திகைத்து நிற்கும்போதே செய்தி மறைந்துவிட்டது. இரண்டாம் முறை, "நாலு... ஒண்ணு... முட்டை..." என்று எழுத்துக் கூட்டும் குழந்தைபோல் சொன்னார். ஆறையும் ஒன்பதையும் மாற்றிவிட்டார். தவறு என்றது வங்கி. மூன்றாம் முறையும் பிழைத்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும் என்று தம்பிக்கு அச்சம். கை நடுங்கியது. "அம்மா, வயிறு கீழ இருந்தா ஆறு, தலை மேல இருந்தா ஒன்பது" என்றான். தாய் தலையசைத்தார். மூன்றாம் செய்தி வந்தது. ஒவ்வொரு இலக்கமாக, அழுத்தந்திருத்தமாக, ஆறையும் சொன்னார். திரையில் பச்சைக் குறி தோன்றியது. கட்டணம் சேர்ந்துவிட்டது!

"ஆச்சாப்பா? நீ சாப்பிட்டியா?" என்றார் தாய். அவன் பதில் சொல்லவில்லை, சொல்ல முடியவில்லை. மணி பதினொன்று பத்து. "வரேங்க ஐயா" என்று கைகூப்பிவிட்டு ஓடினான். தேநீர் ஆறிக்கிடந்தது.

தோழர்களே! பள்ளிக்கூடத்து வாயில் மறுக்கப்பட்ட ஒரு தாய், தன் மகளின் கல்லூரி வாயிலை ஆறு இலக்கங்களால் திறந்ததை என் கண்ணால் கண்டேன். கல்வி பெண்ணுக்கு எதற்கு என்று கேட்ட காலம் அவரைக் கல்லாதவராக்கியது. அந்தக் காலத்தின் முகத்தில் அவர் அறைந்தார், அன்று காலை எட்டரை மணிக்கு!

உடன் எழுந்தது ஒரு கேள்வி. அந்தப் பிள்ளை ஏன் ஓட வேண்டும்? ஊரோடு பேச ஒரு கால்மணி நேரம் கிடைக்க, ஏன் ஒரு நாட்டின் கரைவரை காத்திருக்க வேண்டும்?

வரலாற்றைப் பாருங்கள். சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்திக்கம்பி இடப்பட்டது 1870ஆம் ஆண்டிலேயே! மிளகு விலையும் வெள்ளீய விலையும் அதன் வழியே பறந்தன. அதே கடலில், கப்பலின் மேல்தளத்தில் மூட்டைகளோடு மூட்டையாகக் கிடந்து வந்த கூலித் தமிழனின் செய்தி பறந்ததா? ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. அதன்பின் கங்காணி முறை 1938 வரை ஆளை வாரிக்கொண்டு வந்தது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பல் சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக 1973 வரை அலைந்தது. கடிதம் அந்தக் கப்பலோடு ஊர்ந்துதான் வந்தது. தந்தி என்று ஒன்று ஏழை வீட்டுக்கு வந்தால் அது சாவுச் செய்தி. சொல்லுக்கு இவ்வளவு என்று விலை வைத்த தந்தியில், அன்புக்கு எத்தனை சொல் வாங்க முடியும் கூலிக்காரனால்?

இன்று பினாங்கில் தொடங்கிச் சென்னையையும் மும்பையையும் தொட்டு ஓமான் வரை செல்லும் கடலடி ஒளியிழை, ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் நீளத்திற்குக் கிடக்கிறது. கண்ணிமைக்குமுன் தாயின் குரல் கரைக்கு வருகிறது. கரைக்கு வரும் குரல் கப்பலுக்கு வர எது தடை? முன்பு ஒரு காரணம் இருந்தது. 35,786 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளுக்குப் போய் மீளவேண்டிய அலை, கேள்விக்கும் விடைக்குமாக அரை நொடி எடுக்கும். நூறு கேள்வி கேட்கும் வங்கிப் பக்கம் அதனால் திணறும். இப்போதோ ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்திலேயே கூட்டங்கூட்டமாகக் கோள்கள் சுற்றுகின்றன. 2022ஆம் ஆண்டுமுதல் உல்லாசக் கப்பல்கள் பல அவற்றோடு இணைந்துவிட்டன. பஞ்சம் இனி வானத்தில் இல்லை; விலைப்பட்டியலில்தான் இருக்கிறது! அலைவரிசை சாதி கேட்பதில்லை. ஆனால் காசு கேட்கிறது. பயணிக்கு அது பொழுதுபோக்கின் விலை. பணியாளனுக்கு அது பாசத்தின் விலை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் நிறைவேறி, 2013இல் நடைமுறைக்கு வந்தது; இந்தியா 2015இல் ஏற்றது. 2022இல் அதற்கு ஒரு திருத்தம் செய்தார்கள். கப்பல் உரிமையாளர், நடைமுறைக்கு இயன்ற அளவு, பணியாளருக்கு இணையத் தொடர்பு தரவேண்டும். கட்டணம் இருந்தால் அது நியாயமானதாக இருக்கவேண்டும். துறைமுகங்களிலும் நாடுகள் அவ்வாறே செய்திடல் வேண்டும். 2024 டிசம்பர் 23 முதல் இந்தத் திருத்தம் நடப்பில் இருக்கிறது. நல்ல சட்டம்! ஆனால் "இயன்ற அளவு" என்ற சொல்லும், "நியாயமான" என்ற சொல்லும் எவ்வளவு அகலமான கதவுகள்! எதற்கு இயலும், எது நியாயம் என்று முடிவு செய்பவன், படிக்கட்டில் குந்தியிருப்பவன் அல்லவே!

1856இல் தோன்றிய 'மிஷன் டு சீஃபேரர்ஸ்', 1920இல் தோன்றிய 'ஸ்டெல்லா மாரிஸ்' போன்ற கிறித்துவ அமைப்புகள் பல துறைமுகங்களில் கடலோடிகளுக்கு இடமும் இணையமும் தந்து உதவுகின்றன. பகுத்தறிவாளன் நான், எனினும் தொண்டைத் தொண்டென்று போற்றத் தயங்கமாட்டேன். ஆனால் உரிமையாகக் கிடைக்க வேண்டியது கருணையாகக் கிடைக்கும்வரை, நீதி கிடைத்துவிட்டதாகச் சொல்லமுடியாது. 2020இன் இறுதியில், பெருந்தொற்றுக் காலத்தில், ஏறத்தாழ 4 இலட்சம் கடலோடிகள் ஒப்பந்தம் முடிந்தும் வீடு திரும்ப வழியின்றிக் கப்பல்களிலேயே சிறைப்பட்டனர். கரையே மறுக்கப்பட்ட அந்நாளில், படிக்கட்டு வைஃபையும் இல்லை; கருணைக்கூடமும் இல்லை. அலைவரிசை ஒன்றே அவர்கள் வீட்டுக்கு வாயில்!

மாலையில் கப்பல் புறப்பட்டது. இரவு உணவுக்கூடத்தில் அதே ஒளி, அதே இசை. சமையற்கட்டின் கதவு திறந்து மூடும்போது தம்பியின் முகம் ஒரு கணம் தெரிந்தது. சிரித்தான். என் மேசையில் ஒருவர் இணையக் கட்டணத்தைப்பற்றி மீண்டும் முறையிட்டார். முதல் நாள் நான் பேசிய அதே பேச்சு! நான் படிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். ஆறு இலக்கங்களைப் பற்றிச் சொன்னேன். மேசை சற்று நேரம் அமைதியாயிற்று. பயணம் முடிந்ததும் கப்பல் நிறுவனம் தந்த கருத்துப்படிவத்தில் உணவைப் பற்றியும் படுக்கையைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். அவற்றை விட்டுவிட்டு, ஒரே வரி எழுதினேன்: "உங்கள் பணியாளருக்கு இணையத்தை இலவசமாகக் கொடுங்கள்." உடனிருந்த நால்வரும் அதையே எழுதினர்.

ஐந்து வரிகளால் ஒரு கப்பல் திரும்பிவிடுமா என்று கேட்பீர்கள். திரும்பாது. ஆனால் கப்பலில் ஏறும் ஒவ்வொருவரும் அந்த ஒரு வரியை எழுதட்டும். கரையிலே இலவச வைஃபையைத் தேடும்போது, பக்கத்து மேசையில் யாருக்கு அது உயிர்த்தேவை என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். தாயின் குரலுக்கு விலைப்பட்டியல் எழுதும் கை, அப்போது தயங்கும். தயங்கும் கை ஒருநாள் தாழும்!