41 நிமிடம், 6 பாட்டு



இளையராஜாவை விட்டுவிட்டு சாருக்கு எதற்கு ராக் இசை என்று சிரிக்க வேண்டாம். மகன் அனுப்பியதால் கேட்டேன். இப்போது என்னால் விட முடியவில்லை.

இங்கிலாந்தின் ‘டாக் டாக்’ குழு 1988-இல் வெளியிட்ட ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ என்ற ஆல்பம் அது. அதற்கு முன் 1984-இல் ‘இட்ஸ் மை லைஃப்’, 1986-இல் ‘தி கலர் ஆஃப் ஸ்பிரிங்’ என்று நன்றாகப் பெயர் வாங்கியிருந்தார்கள். அதே வழியில் போயிருந்தால் இன்னும் சம்பாதித்திருக்கலாம். பாடகர் மார்க் ஹாலிஸ் போகவில்லை. லண்டன் வெஸ்ஸெக்ஸ் ஸ்டுடியோவில், ஏறக்குறைய இருட்டிலேயே, மாதக்கணக்கில் பதிவு செய்தார்கள். வந்த கலைஞர்களை மனம்போல வாசிக்கவிட்டு, அதில் கொஞ்சத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

முதல் பாட்டில் குரல் வரவே சில நிமிடங்கள் ஆகிறது. அதுவரை மெல்லிய ட்ரம்பெட், கரகரக்கும் மவுத் ஆர்கன், நடுநடுவே மௌனம். வாங்கியவர்களில் பலர் அன்று திகைத்துத்தான் போனார்கள். குழுவும் இந்தப் பாடல்களை ஒருநாள்கூட மேடையில் வாசிக்கவில்லை. ஹாலிஸ் 1998-இல் தனியாக ஓர் ஆல்பம் வெளியிட்டார். பிறகு குடும்பம் போதும் என்று ஒதுங்கிவிட்டார். 2019-இல் காலமானார்.

ஆக, ரசிகர்கள் கையில் இருப்பது அந்த 41 நிமிடம் மட்டுமே. அதை இத்தனை வருடமாக விடாமல் கேட்கிறார்கள், பிள்ளைகளுக்கும் கேட்கக் கொடுக்கிறார்கள். ‘போஸ்ட் ராக்’ என்ற இசை வகைக்கே இது ஒரு தொடக்கம் என்று இன்று சொல்கிறார்கள்.

ஐந்தாவது பாட்டு ‘ஐ பிலீவ் இன் யூ’. ஹெராயின் போதையைப் பற்றியது. அதில் திட்டும் இல்லை, புத்திமதியும் இல்லை. அழிந்துகொண்டிருப்பவன் பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. பின்னால் தேவாலயப் பாடகர் குழுவின் குரல் எழும்போது, குடியில் போன நம் பள்ளிப் பையன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். பெயர் வேண்டாம், அவனோடு படித்தவர்களுக்குத் தெரியும்.

இந்த ஆல்பத்தை ஜனங்கள் ஏன் கைவிடவில்லை என்பது அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. அது நம்மை அவசரப்படுத்துவதில்லை. நாம் எப்போது வந்தாலும் இடம் தருகிறது.

சமைத்துக்கொண்டோ வண்டி ஓட்டிக்கொண்டோ கேட்காதீர்கள். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, முதலிலிருந்து கடைசிவரை ஒரே தடவையாகக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பரவாயில்லை. ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்