பேத்தியை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தேன்



பத்து நாளாக டீச்சரைக் காணோமே, உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பேத்திக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் இடம் கிடைத்தது. அவளை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு முந்தாநாள்தான் கோவில்பட்டி வந்து சேர்ந்தேன். மூன்று மாடி ஏறி இறங்கியதில் முழங்கால் வலி மட்டும் இன்னும் போகவில்லை. உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை இதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

என் மகள் மூட்டை கட்டிய அழகை முதலில் சொல்ல வேண்டும். இரண்டு சூட்கேஸ், ஒரு ஏர்பேக், ஒரு சாக்கு. பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு, சாத்தூர் சேவு. புதுத் துணி பதினாறு செட். வாட்டர் ஹீட்டர் ராடு ஒன்று. அதை ஹாஸ்டலில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள் என்று சொன்னால், "ஒளிச்சு வச்சுக்கிடட்டும்மா" என்கிறாள். தண்டனை வாங்குவதற்குச் சாமான் கட்டிக் கொடுக்கும் தாயை அன்றுதான் பார்த்தேன். ராத்திரி அவள் தூங்கிய பிறகு பாதியை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். மகளே, இதைப் படித்துக்கொண்டிருந்தால், அந்த ராடு பரணில் இருக்கிறது.

நான் வைத்தவை கொஞ்சம்தான். நல்ல பூட்டு இரண்டு. துணி காயப் போட நைலான் கயிறும் கிளிப்பும். அழுக்குத் தெரியாத நிறத்தில் பெட்ஷீட். சான்றிதழ்களின் ஜெராக்ஸ் பத்து செட். பாஸ்போர்ட் போட்டோ இருபது. காய்ச்சல் மாத்திரை, உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட். ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய். அறையில் இருக்கப்போகும் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு கிலோ கடலை மிட்டாய். நம்ம ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பெருமைப்படுவோமே, முன்பின் தெரியாத நாலு பிள்ளைகள் பேசத் தொடங்குவதற்கும் அது உதவும்.

கவுன்சிலிங் முடிந்து காலேஜ் திறப்பதற்குள் இருந்த நாட்களில் சில வேலைகளும் பழக்கினேன். சாயம் போகும் துணியைத் தனியாக ஊறப்போடுவது, பட்டன் தைப்பது, மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பது. தனியாகப் பஸ் ஏறித் திருநெல்வேலி போய் ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன். போய் வந்தாள், தப்பான பஸ் ஏறி ஒரு மணி நேரம் தாமதமாக. அவள் பெயரில் இருந்த பேங்க் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்க்க வைத்தேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் நேரே கணக்குக்கு வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். பையன்களுக்கும் 2024-ல் தமிழ்ப் புதல்வன் என்று வந்துவிட்டது. கணக்குச் சரியாக இல்லாமல் அலைகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போதே பார்த்து வையுங்கள்.

இனி எழுதப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சம்பந்தப்பட்டவனிடம் போன வாரம் போனில் அனுமதி கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பேர் மட்டும் போடாதீங்க" என்றான்.

எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்த பையன். அப்பா அம்மா இரண்டு பேரும் தீப்பெட்டி ஆபீஸ் வேலை. கணக்கில் அவனுக்கு இணையாக இன்னொருவனை என் சர்வீஸில் பார்க்கவில்லை. கரும்பலகையில் நான் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான். 1994-ல் வெளியூரில் ஓர் இன்ஜினீயரிங் காலேஜில் இடம் கிடைத்தது. அந்தத் தெருவிலேயே முதல் ஆள். அவன் அப்பா ஆட்டை விற்றுப் பணம் கட்டினார். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏற்றிவிடவும் போனேன்.

பத்தொன்பதாம் நாள் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டான். போக மாட்டேன் என்கிறான், காரணமும் சொல்ல மாட்டேன் என்கிறான். "டீச்சர் சொன்னா கேப்பான்" என்று அவன் அப்பா என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மெலிந்து போயிருந்தான். அது என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. எனக்கு வந்ததெல்லாம் கோபம்தான். அவன் அப்பா முன்னாலேயே, "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்றேன். ஊரே உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, பெற்றவன் ஆட்டை விற்றிருக்கிறான், வெட்கமாக இல்லையா என்றெல்லாம் கேட்டேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் நின்றுவிட்டுப் போனான். காலேஜுக்குத் திரும்பிப் போகவே இல்லை. தீப்பெட்டி பண்டல் ஏற்றும் வேலைக்குப் போய்விட்டான்.

இரண்டு வருடம் கழித்து, 1996-ல், மருத்துவ மாணவர் நாவரசுவின் கொலை பற்றிப் பேப்பரில் வந்தபோது எனக்குப் பகீர் என்றது. இவனுக்கும் ராகிங் கொடுமைதான் நடந்திருக்கும், அதைச் சொல்ல முடியாமல்தான் வந்துவிட்டான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மறு வருடமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இன்று இலவச உதவி எண் இருக்கிறது, 1800-180-5522, இருபத்துநாலு மணி நேரமும். பேத்தியின் போனில் அதை முதலில் பதிவு செய்தேன், நீங்களும் செய்யுங்கள். ஆனால் இவன் விஷயத்தில் நடந்தது ராகிங் இல்லை.

2017-ல் என் பணி நிறைவு விழாவுக்கு வந்திருந்தான். எல்லாரும் போன பிறகு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே, யாருக்கோ நடந்த கதை மாதிரிச் சொன்னான்.

முதல் நாள் மெஸ்ஸுக்குப் போயிருக்கிறான். வாசலில் பையன்கள் காசு கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வேளைக்கும் காசு கொடுத்தால்தான் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டான். கையில் இருந்ததோ ஆட்டுக்காசில் மிச்சம். காலையில் டீயும் பன்னும், மத்தியானம் ஒன்றும் கிடையாது, ராத்திரி ரோட்டுக் கடையில் இரண்டு பரோட்டா. அறையில் கேட்டால் "சாப்பிட்டேன்" என்பான். பத்தொன்பதாம் நாள் பஸ்ஸுக்கு மட்டும்தான் காசு மிச்சம் இருந்தது.

அந்த டோக்கன் ஆம்லெட்டுக்கும் கறிக்கும் என்பது அவனுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்ததாம். சாப்பாட்டுக்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள். மாதம் ஆன செலவை எல்லார் தலையிலும் பங்கு போட்டு பில் போடுவார்கள். அதற்கு முன்பணமாக மெஸ் அட்வான்ஸ் என்று சேரும்போதே வாங்கிவிடுவார்கள். அவன் அப்பாவும் கட்டியிருந்தார். ரசீது பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. காசு கட்டின சாப்பாட்டைச் சாப்பிடாமல் பட்டினி கிடந்திருக்கிறான் என் பிள்ளை.

"யார்ட்டயாவது கேட்டிருக்கலாமேய்யா" என்றேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதை எப்படி டீச்சர் கேக்க? பட்டிக்காட்டான்னு நெனப்பாங்கள்ல?"

இப்போது அவனுக்கு இரண்டு லாரி ஓடுகிறது. வீடு கட்டிவிட்டான். "நல்லாத்தான இருக்கேன், விடுங்க டீச்சர்" என்கிறான். அவன் விடச் சொல்லலாம், என்னால் முடியவில்லை. அன்றைக்கு ஒரு வாய் சோறு போட்டு, ராத்திரி தூங்க விட்டு, காலையில் மெதுவாக விசாரித்திருந்தால் அடுத்த பஸ்ஸில் நானே கூட்டிக்கொண்டு போய் விட்டிருப்பேன். முப்பது வருடத்துக்கும் மேல் டீச்சராக இருந்தவள் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. நானும் ஹாஸ்டலில் அழுதவள்தான். 1976-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது எனக்குப் பதினேழு வயது. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு வாளி, இரண்டு சேலை. முதல் மாதம் பூராவும் போர்வைக்குள் அழுகைதான். வீட்டுக்கு இன்லண்ட் லெட்டர் எழுதினால் "நான் இங்கு நலம்" என்று மட்டும் எழுதுவேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணாச்சிதான் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். தெருவே கேட்கும். அதில் போய் எப்படி எழுதுவது, சோறு இறங்கவில்லை, வீட்டுக்கு வர வேண்டும் போல இருக்கிறது என்று?

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஆனால் அறையில் மூன்று பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இவளும் "நல்லாருக்கேன் ஆச்சி" என்றுதான் சொல்வாள். அதனால் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மாடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்.

"ஏட்டி, உனக்கு அங்க சரிப்படலன்னா, என்ன காரணமா இருந்தாலும் சரி, 'ஊறுகாய் தீந்துபோச்சு ஆச்சி'ன்னு மட்டும் சொல்லு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அடுத்த வண்டிக்குக் கிளம்பி வந்துருவேன்."

"நெசமாவே தீந்துபோச்சுன்னா?"

"அப்பவும் வந்துருவேன். ஊறுகாயோட."

சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "படிப்ப விட்டுட்டு வந்தா ஏசுவியா?" என்று கேட்டாள். ஏச மாட்டேன் என்றேன். என் மருமகனுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. போகும்போதே திரும்பி வரும் வழியைக் காட்டினால் பிள்ளை எப்படி நிலைக்கும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். எனக்கு அந்த டிரங்குப் பெட்டிதான் கண்ணில் நிற்கிறது.

சேர்த்துவிடப் போன அன்று அறையைப் பார்த்தோம், கட்டிலைத் துடைத்தோம், வார்டனைப் பார்த்துப் பேசினோம். எல்லாரும் கிளம்பலாம் என்றார்கள். நான் மெஸ்ஸைப் பார்க்காமல் வர மாட்டேன் என்றுவிட்டேன். "ஆச்சி, மானத்த வாங்காத" என்று பேத்தி கையைப் பிடித்து இழுக்கிறாள். அங்கே பரிமாறிக்கொண்டிருந்த ஒரு தம்பியிடம் வகுப்பில் கேள்வி கேட்பது மாதிரி வரிசையாகக் கேட்டேன். சாப்பாடு எத்தனை மணிக்கு? கார்டு காட்ட வேண்டுமா, கையெழுத்தா? காசு எதற்குக் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டாம்? இரண்டாம் முறை சோறு போடுவார்களா? ஊருக்குப் போகும் நாட்களுக்கு பில்லில் குறைப்பார்களா, யாரிடம் முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும்? அந்தத் தம்பி பொறுமைசாலி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பேத்தி தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

திரும்பினால் எனக்குப் பின்னால் ஒரு மனிதர் நிற்கிறார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சப்பை. பக்கத்தில் பேத்தி வயதில் ஒரு பெண் பிள்ளை. தர்மபுரிப் பக்கமாம். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் வாங்கிய பிள்ளை. அவர் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, அப்ப தெனமும் சாப்பாட்டுக்குக் காசு குடுக்க வேணாங்களா? நான் அதுக்குன்னு தனியா முடிஞ்சு குடுத்துருக்கேன்."

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. அதன் அப்பாவிடம், உங்கள் பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டுகிறது, அந்தக் காசைப் பத்திரமாக அவளிடமே விட்டுவிட்டுப் போங்கள், காய்ச்சல் வந்தால் ஆகும் என்றேன். புதுமைப் பெண் பணத்துக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று ஆபீஸில் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பிறகு விருந்தினர் டோக்கன் வாங்கி நாங்கள் எல்லாரும் அங்கேயே சாப்பிட்டோம். அதற்கு நிஜமாகவே காசு கொடுக்க வேண்டும். ரசம் நன்றாக இருந்தது, பொரியலில் தேங்காயைத் தேட வேண்டியிருந்தது. பேத்தி முறைத்துக்கொண்டே சாப்பிட்டாள். பாதிச் சாப்பாட்டில் அந்தப் பிள்ளையிடம் "நீ எந்த பிளாக்?" என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே மாடிதான்.

நேற்று ராத்திரி எட்டரைக்குப் போன் வந்தது. இட்லி கல்லாக இருக்கிறதாம். பாத்ரூமில் காலையில் ஆறு பேர் வரிசையாம். கணக்கு வகுப்பில் அந்தச் சார் இங்கிலீஷில் வேகமாகப் போகிறாராம், தர்மபுரிப் பிள்ளையும் இவளும் சேர்ந்து எழுதிக்கொண்டதில் பாதிதான் தேறியதாம். கொண்டுபோன பெட்ஷீட் நிறத்தைப் பார்த்து அறையில் சிரிக்கிறார்களாம். கடலை மிட்டாய் முதல் நாளே காலி. பத்து நிமிஷத்துக்கு மேல் குறையாகக் கொட்டினாள். நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன்.

ஊறுகாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.