தட்டணு கூடினால் சந்தோஷப்படலாமா?

பிளேட்லெட் என்றதும் நம்மில் பலருக்கு டெங்குக் காய்ச்சல்தான் ஞாபகம் வரும். இறங்கினால் ஆபத்து, ஏறினால் நிம்மதி என்றே மனசில் பதிந்துவிட்டது. அதனால்தான் அத்தானின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த அக்கா, "அஞ்சரை லட்சம் இருக்குடி! ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று ஆறுதலாகச் சொன்னாள். அத்தானுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்து அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

டாக்டர் பொறுமையானவர். "இந்த வியாதியில கூடினாலும் கவனிக்கணும்மா" என்று உட்கார வைத்து விளக்கினார்.

ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை இந்தத் தட்டணுக்கள் இருக்கும். ஆயுள் பத்து நாளுக்குள்தான். அரிவாள்மணையில் விரலை வெட்டிக்கொண்டால் ஓடிவந்து ஒட்டி, ரத்தத்தை நிறுத்துபவை இவைதான். புண் ஆறுவதற்கான வளர்ச்சிப் பொருள்களையும் இவை சுரக்கின்றன.

அந்த நல்ல குணத்தைத்தான் புற்றுநோய் பயன்படுத்திக்கொள்கிறது. கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் கலக்கும் செல்களில் பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போகும். ரத்த ஓட்டத்தின் வேகம் சிலவற்றைச் சிதைக்கும். நம் வெள்ளணுக்கள் சிலவற்றைத் தீர்த்துக்கட்டும். ஆனால் தட்டணுக்கள் சுற்றி ஒட்டிக்கொண்டால், போர்வைக்குள் ஒளிந்த திருடனைப் போல, காவல்கார வெள்ளணுவின் கண்ணில் அந்தச் செல் படுவதில்லை. ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டி, வெளியேறி, மூளையிலோ எலும்பிலோ குடியேறவும் தட்டணுக்களே உதவுகின்றன. போதாததற்கு, சில கட்டிகள் தட்டணுக்களை இன்னும் அதிகமாக உண்டாக்கும்படி உடம்பைத் தூண்டியும் விடுகின்றன! எலிகளின் தட்டணுக்களைக் குறைத்தால் புற்றுநோய் பரவுவதும் குறைகிறது என்று 1968-லேயே அமெரிக்காவில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"அப்படின்னா ரத்தத்தை இளக்குற ஆஸ்பிரின் கொடுத்தா பரவாதா, டாக்டர்?" என்றாள் அக்கா. எனக்கும் அதே கேள்விதான். அவர் கையமர்த்தினார். எலிக்குச் சரியாவதெல்லாம் மனுஷனுக்குச் சரியாகிவிடாது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும், பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய, ஆரோக்கியமான சுமார் 19,000 பேரிடம் நடத்திய சோதனை முடிவு 2018-ல் வந்தது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களிடையே புற்றுநோய்ச் சாவு குறையவில்லை. சற்றுக் கூடவே இருந்தது. வயிற்றில் ரத்தக்கசிவு வேறு.

இதைப் படித்துவிட்டு உங்கள் பழைய ரிப்போர்ட்டைத் தேடிப் பதற வேண்டாம். நம் பெண்களுக்குத் தட்டணு கூடுவதற்கு இரும்புச்சத்துக் குறைவும், கிருமித் தொற்றும் சர்வசாதாரணக் காரணங்கள். ஆனால் 40 வயதுக்கு மேல், காரணம் தெரியாமல் 4.5 லட்சத்தைத் தாண்டியே நின்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். 40 வயதுக்கு மேல் தட்டணு கூடியிருந்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் புற்றுநோய் கண்டறியப்பட்டது ஆண்களில் 100-க்கு 11.6 பேருக்கு, பெண்களில் 6.2 பேருக்கு என்கிறது 2017-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வு. மூன்று வாரமாக இருமல், சளியில் ரத்தம் என்றால் எந்த எண்ணிக்கைக்கும் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று: புற்றுநோய் மருந்து ஏற்றும்போது தட்டணு இறங்குவதும் உண்டு. உடனே அக்கம்பக்கத்தார் பப்பாளி இலைச் சாற்றோடு வந்து நிற்பார்கள். டாக்டரைக் கேட்காமல் ஒரு ஸ்பூன்கூடக் கொடுக்காதீர்கள்.